வெளிநாட்டு நிதியில் உங்கள் அமைப்பைப் பலப்படுத்துவது எப்படி: முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

இதை யாருக்காக எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னத் தொண்டு நிறுவனமோ, கூட்டுறவுச் சங்கமோ, பெண்கள் குழுக்களின் கூட்டமைப்போ நடத்துகிறீர்கள். களத்தில் வேலை நன்றாகவே நடக்கிறது, மக்கள் உங்களை நம்புகிறார்கள். ஆனால் கணக்கு முழுவதும் ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கிறது, எழுத்தில் விதிமுறை என்று எதுவும் கிடையாது, அடுத்த ஆண்டு சம்பளம் எங்கிருந்து வரும் என்று தெரியாது. வெளிநாட்டு வளர்ச்சி நிதியை வைத்து இந்தக் குறைகளைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சரிசெய்யலாம், உண்மைதான். எந்த வேலையை எதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு சிறிய அமைப்புக்காக இந்த வழியில் நான் பட்ட அலைச்சலில் பெரும்பகுதி அந்த வரிசை தெரியாததால் வந்தது. உங்களுக்கு அது வேண்டாம்.

கீழே உள்ள எல்லாப் படிகளிலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பணம் தீர்ந்த மறுநாள் உங்கள் அலுவலகத்தில் என்ன மிச்சமிருக்கும்?

1. முதலில் சட்டம், அப்புறம் மற்றதெல்லாம்

வெளிநாட்டுப் பணம் வாங்க உங்கள் நாட்டில் தனி அனுமதி வேண்டுமா, தனி வங்கிக் கணக்கு வேண்டுமா, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கலாமா, நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு உண்டா என்று இந்த நான்கையும் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பல நாடுகளில் அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். சில இடங்களில் அமைப்பு பதிவாகி இத்தனை ஆண்டு ஆகியிருக்க வேண்டும், இவ்வளவு தொகை ஏற்கெனவே செலவு செய்து காட்டியிருக்க வேண்டும் என்றும் நிபந்தனை இருக்கும். மானியம் உறுதியான பிறகு அனுமதிக்கு ஓடினால், கொடுப்பவர் காத்திருக்க மாட்டார்.

இதற்கு ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும். தெரிந்த அமைப்பு என்ன செய்தது என்று பார்த்து அப்படியே செய்யாதீர்கள், இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

2. உங்களிடம் என்ன இல்லை என்பதை நீங்களே அளந்து பாருங்கள்

திறன் மேம்பாடு என்று பணம் கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தாவிவிடும் படி இது. நேராக "பணியாளர்களுக்குப் பயிற்சி" என்று எழுதிவிடுகிறார்கள். எந்தப் பணியாளருக்கு, எதில், ஏன் என்று நிதி தருபவர் அனுப்பும் மதிப்பீட்டாளர் கேட்டால் பதில் இருக்காது.

அமைப்பின் திறனை அளக்கிற கேள்விப் பட்டியல்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஹ்யூமென்டம் என்ற அமைப்பு தருகிற மாங்கோ ஹெல்த் செக், நிதி நிர்வாகத்தை மட்டும் சோதித்துப் பார்க்க எளிதானது. ஆட்சிக்குழு, கணக்கு, ஆள் நிர்வாகம், கொள்முதல், திட்டக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற பெரிய பட்டியல்களும் உண்டு. எதை எடுத்தாலும் சரி, செய்கிற விதம்தான் முக்கியம். தலைவர் தனியாக உட்கார்ந்து நிரப்பக்கூடாது. கணக்கர், களப்பணியாளர், ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர், முடிந்தால் நீங்கள் வேலை செய்யும் ஊரிலிருந்து ஒருவர், எல்லோரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து எங்கே வித்தியாசம் அதிகமோ அங்கே பேசுங்கள். தலைவர் 4 போட்ட இடத்தில் கணக்கர் 1 போட்டிருந்தால், உங்கள் திட்டத்தின் முதல் வரி அங்கேதான் இருக்கிறது.

இதற்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஆகும். செலவு கிடையாது. தேதி போட்டு, கலந்துகொண்டவர்களின் கையெழுத்து வாங்கி, பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விண்ணப்பத்திலும் மதிப்பீட்டிலும் இறுதி அறிக்கையிலும் இதே தாளைத்தான் காட்டப் போகிறீர்கள். தொடக்க நிலை எழுத்தில் இல்லையென்றால் முன்னேற்றத்தை எதை வைத்துக் காட்டுவது?

மதிப்பெண்ணை இருப்பதைவிட உயர்த்திப் போடாதீர்கள். எல்லாம் நன்றாக இருக்கிற அமைப்புக்குத் திறன் மேம்பாட்டு நிதி எதற்கு?

3. ஆவணக் கோப்பு

நிதி தருபவர் விண்ணப்பம் கேட்டு வெளியிடும் அழைப்பு வந்தபின் ஆவணம் தேடினால் காலக்கெடு முடிந்துவிடும். கீழே உள்ளவற்றை ஒரே கோப்பில், ஸ்கேன் செய்து, தெளிவான பெயர் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

- பதிவுச் சான்றிதழ், சங்க விதிகள் அல்லது அறக்கட்டளைப் பத்திரம், திருத்தங்கள் இருந்தால் அவையும்
- கடந்த 2 அல்லது 3 ஆண்டு தணிக்கை செய்யப்பட்ட கணக்கு
- ஆண்டறிக்கைகள்
- ஆட்சிக்குழு உறுப்பினர் பட்டியல், அடையாளச் சான்று, கடைசியாக நடந்த கூட்டங்களின் கையெழுத்திட்ட நடவடிக்கைக் குறிப்பு
- வரி எண், வரிவிலக்குச் சான்று இருந்தால் அது
- அமைப்பின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குக்கு வங்கி தரும் கடிதம்
- எழுத்தில் உள்ள விதிமுறைகள்: நிதி, கொள்முதல், ஆள் நிர்வாகம், குழந்தைகள் பாதுகாப்பு, பாலியல் சுரண்டல் தடுப்பு, மோசடித் தடுப்பு, நலன் முரண்பாடு (சொந்த நலனும் அமைப்பின் நலனும் மோதும் நிலை)

கடைசி வரியில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். உடனே இணையத்திலிருந்து யாரோ ஒரு பெரிய அமைப்பின் 60 பக்க விதிமுறையை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். "கொள்முதல் குழு", "உள் தணிக்கைப் பிரிவு" என்றெல்லாம் அதில் இருக்கும். உங்களிடம் மொத்தமே 6 பேர் என்றால் மதிப்பீட்டாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். இரண்டு பக்கம் போதும். உண்மையில் நீங்கள் செய்வதை எழுதுங்கள்: யார் செலவைக் கேட்பது, யார் ஒப்புதல் தருவது, யார் பணம் கொடுப்பது, எவ்வளவு தொகைக்கு மேல் மூன்று கொட்டேஷன். ஒரே ஆள் மூன்று வேலையும் செய்யக்கூடாது, அது மட்டும் கட்டாயம். ஆட்கள் குறைவு என்றால் ஒப்புதலுக்கு ஆட்சிக்குழுப் பொருளாளரைப் போட்டுக்கொள்ளலாம்.

பெயர், முகவரி இரண்டும் எல்லா ஆவணத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுச் சான்றில் ஒரு மாதிரி, வங்கியில் வேறு மாதிரி என்றால் எந்தப் பதிவுத் தளமும் உங்களைத் திருப்பி அனுப்பும். தலைமைச் செயலரும் பொருளாளரும் கணவன் மனைவியாக இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள். அவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம், ஆனால் எந்த மதிப்பீட்டிலும் அது சிவப்புக் கோடுதான்.

செலவு: தணிக்கைக் கட்டணமும் சான்று பெற்ற மொழிபெயர்ப்பும்தான் பெரிது. கணக்கு ஒழுங்காக இருந்தால் இந்தக் கோப்பு ஒரு மாதத்தில் தயாராகும், இல்லையென்றால் அரை ஆண்டும் ஆகலாம்.

4. இணையப் பதிவுகளை அழைப்புக்கு முன்பே முடியுங்கள்

ஐரோப்பிய ஒன்றிய நிதிக்கு, அழைப்பில் சொல்லியிருக்கும் தளத்தில் அமைப்பின் விவரங்களைப் பதிய வேண்டும், நீண்ட காலம் அது பேடோர் என்ற தளமாக இருந்தது. யுனிசெஃப், யுஎன்எச்சிஆர் (அகதிகளுக்கான அமைப்பு), உலக உணவுத் திட்டம் போன்ற ஐநா அமைப்புகளுக்கு யுஎன் பார்ட்னர் போர்ட்டல் என்ற தளம். அமெரிக்க அரசு நிதி என்றால் சாம் டாட் கவ் தளத்தில் பதிந்து யுஇஐ என்ற அடையாள எண் வாங்க வேண்டும். முன்பு கேட்ட டன்ஸ் எண் 2022 ஏப்ரலோடு போய்விட்டது, பழைய வழிகாட்டியைப் பார்த்து அதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். சாம் பதிவை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் விண்ணப்பிக்க முடியாது, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பணமும் தடைபடும்.

மூன்றுமே இலவசம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் பதிவைத் தொடங்கியதும் அரசு அலுவலகம் போலவே தோன்றும் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். "உங்கள் பதிவு காலாவதியாகிறது, இவ்வளவு டாலர் கட்டுங்கள்" என்று கேட்கும். கட்டாதீர்கள். மானியம் வாங்கித் தருகிறேன், கிடைக்கிற தொகையில் இவ்வளவு சதவீதம் கொடுங்கள் என்று வருகிற ஆலோசகரையும் அனுப்பிவிடுங்கள். மானியப் பணத்திலிருந்து கமிஷன் கொடுப்பதை நிதி தருபவர்கள் ஏற்பதில்லை, கணக்கில் தெரிந்தால் உங்கள் பெயர்தான் கெடும்.

5. உங்கள் அளவுக்கு ஏற்ற கதவைத் தட்டுங்கள்

ஆண்டுக்கு நீங்கள் நிர்வகிக்கும் மொத்தத் தொகையைவிடப் பல மடங்கு பெரிய மானியத்துக்கு விண்ணப்பிப்பது வீண் உழைப்பு. முதல் மானியம் சிறியதாக இருக்கட்டும்.

தொடங்க நல்ல இடம் தூதரகங்கள். கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி (சிஎஃப்எல்ஐ), ஆஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், ஜப்பானின் அடித்தள மானியத் திட்டம் மூன்றும் தூதரகம் வழியாகவே நடக்கின்றன. விண்ணப்பம் சிறியது, கேள்வி இருந்தால் பதில் சொல்ல உள்ளூரிலேயே ஆள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் எதற்குப் பணம் தரும் என்பது வேறு வேறு. ஜப்பான் திட்டம் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் தரும், சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் தராது. மூன்று கொட்டேஷன் விண்ணப்பத்தோடே வேண்டும். கட்டடம் வந்துவிடும், அதை நடத்துகிற செலவு உங்களுடையது. அதற்கு வழி இல்லாமல் வாங்கினால் அமைப்பு இன்னும் பலவீனமாகும்.

சூழல் சார்ந்த வேலை என்றால் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் (ஜிஇஎஃப்) சிறு மானியத் திட்டத்தைப் பாருங்கள். ஐநா வளர்ச்சித் திட்டம் (யுஎன்டிபி) நடத்துவது, 1992 முதல் இருக்கிறது, நீண்ட காலம் ஒரு மானியத்தின் உச்சம் 50,000 டாலராக இருந்தது. உள்ளூர் மொழியில் எழுதலாம், எழுத்து வராத குழுக்கள் காணொளியாகவோ படங்களாகவோகூடக் கொடுத்திருக்கின்றன, திட்டத்தை எழுதவே சிறு தொகை தருவதும் உண்டு. ஜனநாயகம், மக்கள் பங்கேற்பு, உரிமை சார்ந்த வேலைக்கு ஐநா ஜனநாயக நிதியம் இருக்கிறது, 1 லட்சம் முதல் 3 லட்சம் டாலர் வரை, இரண்டு ஆண்டு வரை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நேரடி மானியம் பெரும்பாலும் சிறிய அமைப்புக்கு மிகப் பெரிது. ஆனால் அதை வாங்குகிற பெரிய அமைப்புகள் அதிலிருந்து சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துத் தரலாம், வழக்கமாக ஒரு அமைப்புக்கு 60,000 யூரோ வரை. அந்த வழி உங்களுக்குப் பொருந்தும்.

ஒரே ஒரு நாட்டை நம்பி நிற்காதீர்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, அதன் உதவி அமைப்பான யுஎஸ்எய்டு அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நிதி உதவி வேலையையே நிறுத்தியது, மிஞ்சிய திட்டங்கள் வெளியுறவுத் துறைக்குப் போயின. நடுவழியில் நின்றுபோன உள்ளூர் அமைப்புகள் ஏராளம். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால் ஆட்சிக்குழுவில் அதை ஒரு தனிப் பொருளாகவே எடுத்துப் பேசுங்கள்.

காலக்கணக்கு: தூதரக மானியம் சில மாதங்களில் முடிவாகலாம். ஐநா, ஐரோப்பிய ஒன்றியம் என்றால் முதல் குறிப்பிலிருந்து முதல் பணம் வரை ஓராண்டு என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதுவரை சம்பளத்துக்கு வேறு வழி இருக்க வேண்டும்.

6. விண்ணப்பத்தில் "திறன்" என்பதை எப்படி எழுதுவது

பெரிய அழைப்புகள் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் சில பக்கக் கருத்துக் குறிப்பு, தேறினால் முழு விண்ணப்பம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கருத்துக் குறிப்புக்கு 50 மதிப்பெண், 30க்குக் கீழே போனால் மேற்கொண்டு படிக்கவே மாட்டார்கள். அழைப்பின் நோக்கத்தோடு உங்கள் திட்டம் எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அதில் பெரிய பங்கு உண்டு, அதனால் பழைய விண்ணப்பத்தை எடுத்து ஒட்டுவது வேலைக்கு ஆகாது.

இப்போது திறன் பகுதி. "25 பேருக்கு 3 நாள் நிதி மேலாண்மைப் பயிற்சி" என்று எழுதினால் பணம் கிடைக்கக்கூடும். ஆனால் பயிற்சி பெற்றவர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போவார், சான்றிதழும் அவரோடு போகும். சிறிய அமைப்புகளில் நல்ல கணக்கர் கிடைத்தால் பெரிய அமைப்பு அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. அதனால் ஒவ்வொரு செயல்பாட்டையும் ஆள் போனாலும் நிற்கிற மாதிரி எழுதுங்கள். கணக்கு மென்பொருள் வாங்குவதோடு நிறுத்தாமல், அதில் உங்கள் கணக்குத் தலைப்புகளை அமைத்து, மாத முடிவில் என்னென்ன செய்ய வேண்டும் என்று உங்கள் மொழியில் இரண்டு பக்கக் கையேடு எழுதி, இரண்டாவது ஒருவரும் அதைச் செய்து பழகுவது வரை திட்டத்தில் இருக்கட்டும். மூன்று நாள் வகுப்பைவிட, அனுபவமுள்ள கணக்கர் ஒருவர் ஆறு மாதம், மாதத்துக்கு இரண்டு நாள் உங்கள் அலுவலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கை முடிப்பது பல மடங்கு பயன் தரும். செலவும் ஏறக்குறைய அதேதான். வகுப்புத்தான் வேண்டும் என்றால் இலவசமானவை இருக்கின்றன: காயா என்ற தளத்தில் மனிதாபிமானப் பணி சார்ந்த பாடங்கள் கிடைக்கும்.

முன்னேற்றத்தை அளக்கும் குறியீடுகளையும் அதே மாதிரி வையுங்கள். எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்று எண்ணுவதை விட்டு, மாதக் கணக்கு அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் முடிகிறதா, உங்கள் கணக்கையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிட்டுச் சரிபார்த்த தாள் ஒவ்வொரு மாதமும் கையெழுத்தாகிறதா, ஆட்சிக்குழு காலாண்டுக்கு ஒருமுறை நிதி அறிக்கையைப் பார்த்துக் கேள்வி கேட்டதற்கு நடவடிக்கைக் குறிப்பில் சான்று இருக்கிறதா என்று எழுதுங்கள். இவை எல்லாமே 2ஆம் படியில் நீங்கள் போட்ட மதிப்பெண்ணிலிருந்து நேராக வரும்.

7. பட்ஜெட்: கேட்கத் தயங்காதீர்கள்

இந்தப் படிக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள்.

சிறிய அமைப்புகள் பட்ஜெட்டைக் குறைத்துக் காட்டினால் வெற்றி நிச்சயம் என்று நம்புகின்றன. வாடகை, மின்சாரம், தணிக்கைக் கட்டணம், கணக்கரின் சம்பளம், இணையம், தலைவர் இந்தத் திட்டத்துக்காகச் செலவிடும் நேரம் எல்லாவற்றையும் "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று விட்டுவிடுகிறார்கள். திட்டம் பெரிதாகப் பெரிதாக அந்தச் சுமையும் கூடும். மானியம் கிடைத்ததாலேயே அமைப்பு பலவீனமாகிறது. இது நிறைய இடங்களில் நடக்கிறது, எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம்.

நேரடியாகத் திட்டத்துக்கு என்று காட்ட முடிகிற எதையும் நேரடிச் செலவிலேயே போடுங்கள். கணக்கர் இந்தத் திட்டத்துக்கு 30% நேரம் தருகிறார் என்றால் சம்பளத்தில் 30%. அதற்கு டைம்ஷீட், அதாவது வேலை நேரப் பதிவு, வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா நிதியையும் சேர்த்துக் கூட்டினால் ஒருவருக்கு 100%ஐத் தாண்டக்கூடாது, தாண்டினால் தணிக்கையில் அது இரட்டை வசூல். தணிக்கைக் கட்டணத்துக்குத் தனி வரி கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய மானியம் 1 லட்சம் யூரோவைத் தாண்டினால் செலவுச் சரிபார்ப்பு அறிக்கை பொதுவாகக் கேட்பார்கள், அந்தக் கட்டணத்தைப் பட்ஜெட்டில் போட மறந்தால் உங்கள் கையிலிருந்து போகும்.

மீதிப் பொதுச் செலவுக்குத்தான் மேல்செலவு என்ற வரி. ஐரோப்பிய ஒன்றியம் தகுதியான நேரடிச் செலவில் 7% வரை தரும், இதற்கு ரசீது காட்ட வேண்டியதில்லை. அமெரிக்க அரசு நிதியில், தனியாகப் பேசி முடித்த விகிதம் இல்லாதவர்களுக்கு 10% என்றிருந்த வரம்பு 2024 அக்டோபர் 1 முதல் 15% ஆனது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. நீங்கள் நேரடியாக வாங்காமல் ஒரு பெரிய சர்வதேச அமைப்பு வழியாக வாங்கும்போது, மேல்செலவு முழுவதையும் அவர்களே வைத்துக்கொண்டு உங்களுக்கு எதுவும் தராமல் போகலாம். ஒப்பந்த வரைவு வந்ததும் கேளுங்கள்: "மூல நிதி தருபவரிடமிருந்து உங்களுக்கு மேல்செலவாக எவ்வளவு வருகிறது, அதில் எங்கள் பங்கு என்ன?" அமெரிக்க விதியின்படி, அந்த 15%ஐவிடக் குறைவாக வாங்கிக்கொள் என்று நடுவில் இருப்பவர் கட்டாயப்படுத்தக்கூடாது, சட்டமோ அரசு விதிமுறையோ அப்படிச் சொன்னால் தவிர. கேட்டால் உறவு கெடும் என்று பயப்படாதீர்கள். கேட்கிற அமைப்பைத்தான் மதிக்கிறார்கள்.

இன்னும் சில:
- பணம் அயல்நாட்டு நாணயத்தில் வரும், செலவு உங்கள் நாணயத்தில். மாற்று விகிதத்தில் வரும் நஷ்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்பதில்லை. விகிதத்தைக் கொஞ்சம் எச்சரிக்கையாகப் போட்டுக் கணக்கிடுங்கள்.
- ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய செலவைத் திரும்பப் பெற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
- உங்கள் பங்காக எவ்வளவு போட வேண்டும் என்று பாருங்கள். பணமாகவா, உழைப்பாகவும் காட்டலாமா என்பது அழைப்புக்கு அழைப்பு மாறும்.
- விலைக்கு ஆதாரமாகக் கொட்டேஷனை இப்போதே வாங்கி வையுங்கள்.

8. மதிப்பீட்டாளர் வரும்போது

பணம் தருவதற்கு முன் உங்களைச் சோதிப்பார்கள். ஐநா அமைப்புகளின் வழக்கப்படி ஒரு வெளித் தணிக்கை நிறுவனம் வந்து கணக்கு, கொள்முதல், ஆள் நிர்வாகம் எல்லாவற்றையும் பார்த்து உங்களுக்கு ஒரு அபாய மதிப்பீடு போடும்: குறைவு, மிதம், கணிசம், அதிகம். கட்டணம் உங்களுடையது இல்லை. பாலியல் சுரண்டல் தடுப்புக்குத் தனி மதிப்பீடும் உண்டு. ஆட்சிக்குழு உறுப்பினர்கள், பெரிய விற்பனையாளர்கள் பெயர்களை, யாருக்குப் பணம் போகக்கூடாது என்று சொல்லும் தடைப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பொதுவான பெயர் என்றால் யாரோ ஒருவரோடு பொருந்திப்போகும், பதறாதீர்கள், பிறந்த தேதியும் அடையாளச் சான்றும் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

"கணிசம்" அல்லது "அதிகம்" என்று வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முன்பணத்துக்குப் பதில் செலவு செய்தபின் திருப்பித் தருவது, அடிக்கடி வந்து சரிபார்ப்பது என்று நிபந்தனை கூடும், அவ்வளவுதான். அதோடு குறைகளின் பட்டியல் ஒன்று வரும். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், இவற்றைச் சரிசெய்ய இந்தச் செயல்பாடு, இந்தத் தொகை, இந்தத் தேதி என்று திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுமாறு கேளுங்கள். திறன் மேம்பாட்டுக்குப் பணம் கேட்க அவர்களே எழுதித் தந்த காரணத்தைவிட வலுவானது எது?

இல்லாததை இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். முன்தேதியிட்ட கூட்டக் குறிப்பு, நேற்று அச்சடித்த வவுச்சர் எல்லாம் இவர்களுக்குப் பார்த்ததும் தெரியும்.

9. கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

பின்னிணைப்புகளோடு சேர்த்து. முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: பணம் எத்தனை தவணை, அடுத்த தவணைக்கு என்ன நிபந்தனை, கடைசித் தவணை எவ்வளவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் முந்தைய தவணையில் 70% செலவாகியிருந்தால்தான் அடுத்தது முழுசாக வரும். கடைசிப் பகுதி இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே வரும், அதுவரை அந்தச் செலவை நீங்கள் தாங்க வேண்டும். ஐநா முன்பணம் வழக்கமாக மூன்று மாதத்துக்கு உரியது.

பட்ஜெட்டை மாற்ற எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தங்களில் தலைப்புகளுக்கு இடையே 25% வரை நகர்த்த ஒப்பந்தத் திருத்தம் தேவையில்லை, எழுத்தில் தெரிவித்தால் போதும், ஆனால் மேல்செலவுத் தலைப்பை அப்படி உயர்த்த முடியாது. வாங்கிய கருவிகள் திட்டம் முடிந்தபின் யாருக்குச் சொந்தம்? ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் ஏற்கெனவே கொடுத்த வாக்குறுதிகளுக்கு, அதாவது சம்பள நோட்டீஸ் காலம், வாடகை ஒப்பந்தம் போன்றவற்றுக்கு, யார் பொறுப்பு? 2025க்குப் பிறகு இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் விடக்கூடாது.

10. பணம் வந்த முதல் மூன்று மாதம்

வங்கியில் பணம் ஏற சில நாள் ஆகும், இடைவழி வங்கி ஒப்பந்தப் பிரதி கேட்கலாம், அதைத் தயாராக வைத்திருங்கள். வந்ததும் திட்டத்துக்குத் தனிக் கணக்குக் குறியீடு போட்டு, முதல் செலவிலிருந்தே அதில் ஏற்றுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர், ரசீது, ஒப்புதல், கட்டியதற்குச் சான்று, பொருள் என்றால் பெற்றுக்கொண்ட சீட்டு, கூட்டம் என்றால் கையெழுத்துப் பட்டியல். இவை ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். ரசீது தாள் மங்கிப்போகும் வகை என்றால் அன்றே நகல் எடுங்கள்.

ஒவ்வொரு நிதி தருபவரும் தனித்தனி அறிக்கை வடிவம் கேட்பார்கள். அதற்காக ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு முறை வைக்கத் தொடங்கினால் கணக்கர் அதிலேயே மூழ்கிவிடுவார். உங்கள் ஒரே கணக்குப் புத்தகத்திலிருந்து அவர்களுடைய தலைப்புகளுக்குப் பொருத்திக் காட்டும் ஒரு பட்டியலைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். மாத முடிவு வேலையும் அறிக்கை வேலையும் பாதியாகக் குறையும்.

பட்ஜெட்டையும் செலவையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டு, செலவாகாமல் நிற்கும் வரிகளை உடனே நிதி தருபவரிடம் எழுத்தில் சொல்லுங்கள். தாமதம் என்றால் தாமதம் என்று அன்றே சொல்வதை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். கடைசி மாதத்தில் மீதியைத் தீர்க்க விடுதியில் பயிற்சி வகுப்பு வைப்பதை யாருமே விரும்புவதில்லை, தணிக்கையில் கண்ணில் படுவதும் அதுதான்.

11. முடிவதற்கு ஆறு மாதம் முன்பே

2ஆம் படியில் போட்ட மதிப்பெண்ணை அதே ஆட்களோடு, அதே பட்டியலில், மறுபடி போடுங்கள். குறைந்த இடம் இருந்தால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள், காரணத்தோடு. மென்பொருள் சந்தா, இணையதளம், தணிக்கைக் கட்டணம், திட்டத்தில் வைத்த கணக்கரின் சம்பளம் இவற்றை அடுத்த ஆண்டு எந்தப் பணத்திலிருந்து கட்டுவது என்று ஆட்சிக்குழுவில் வரிவரியாக முடிவெடுங்கள். வழியே இல்லாத வரியை இப்போதே சுருக்குவது, திட்டம் முடிந்த மாதம் எல்லாம் ஒன்றாக நிற்பதைவிட மேல்.

கருவிகளின் பட்டியலைச் சரிபார்த்து, உரிமை மாற்றக் கடிதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடவுச்சொற்கள் தனி ஆளின் மின்னஞ்சலில் இல்லாமல் அமைப்பின் கணக்குக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். ஆவணங்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கடைசித் தவணை வந்த நாளிலிருந்து 5 ஆண்டு, 60,000 யூரோவுக்கு மேற்படாத மானியம் என்றால் 3 ஆண்டு, அமெரிக்க நிதிக்கு இறுதி நிதி அறிக்கை கொடுத்ததிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் அதிகம் சொன்னால் அதுதான் கணக்கு. பெட்டியின் மேல் எந்தத் தேதி வரை அழிக்கக்கூடாது என்று பெரிதாக எழுதி ஒட்டி, சாவி இரண்டு பேரிடம் இருக்கும்படி செய்துவிடுங்கள்.